கிராமத்து மெட்டுக்குத் திரும்பியவர்

சங்கரன்கோவில் வட்டாரத்தில் கொடை விழா என்றால் வில்லுப்பாட்டும் நையாண்டி மேளமும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அருகிலுள்ள சென்னிகுளத்தில் பிறந்த அண்ணாமலை ரெட்டியார், காவடி எடுப்போரின் ஆட்டத்துக்கு இசைந்த நாட்டார் மெட்டில் கழுகுமலை முருகன் மீது சிந்து பாடினார். முப்பது வயதை எட்டுமுன் மறைந்த அவருடைய காவடிச்சிந்து இன்று கர்நாடக இசைக் கச்சேரிகளிலும் ஒலிக்கிறது. கிராமத்து மெட்டு மேடையேறிய கதை இது. மேடையிலிருந்து கிராமத்துக்கு இறங்கி வந்த ஒருவரும் நம் காலத்தில் இருந்தார்.

அவர் அருட்திரு தியோபிலஸ் அப்பாவு (1940-2005). தென்னிந்தியத் திருச்சபையின் குரு. மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்தவர். 'பரட்டை' என்ற பெயரில் பாட்டெழுதியவர். மேற்கத்திய இசையும் கர்நாடக இசையும் அறிந்தவர். ஆலயங்களில் மதிப்பு இருந்ததும் இவ்விரண்டுக்கும்தான். ஆயினும் அவர் நாட்டார் பாடல்களைத் தேடிப் போனார். நாட்டார் வழக்காறு சமூக மாற்றத்துக்கு உதவும் என 1986-இல் ஆங்கிலத்தில் ஒரு நூலும் எழுதினார். பின்னர் வழிபாடு முழுவதையும் கிராமிய மெட்டுகளிலேயே அமைத்தார்.

ஏன் இந்தத் திரும்புதல்? மற்ற இசைகளுக்குப் பயிற்சி வேண்டும். பயிற்சிக்குப் பணம் வேண்டும். நாட்டுப்பாட்டையோ எழுதப் படிக்கத் தெரியாத தாயும் பாடலாம், தன் துயரத்துக்கேற்பச் சொல்லையும் மாற்றிக்கொள்ளலாம். கடவுளை அவர் 'பெத்தவரே' என்று அழைத்தார். தந்தையா, தாயா என்று பிரிக்காத சொல். நம் வீடுகளில் புழங்கும் சொல்லும்கூட.

மக்களின் சொந்த இசை மரபுக்கு உரிய மதிப்பும் இடமும் தரவேண்டும் என்று, 1963 டிசம்பர் 4 அன்று வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாடு பற்றிய ஏடு நமக்கும் சொல்லியிருக்கிறது. ஆனாலும் பல ஊர்களில் சப்பரப் பவனிக்கு முன்னே முழங்கும் பறை, கோவில் வாசலோடு நின்றுவிடுகிறது. உள்ளே கீபோர்டு.

இதில் இன்னொரு வேதனையும் உண்டு. சாவு வீட்டில் பறையடிக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட மக்களே, "அது எங்களுக்கு வேண்டாம் சாமி" என்று ஒதுங்குகிறார்கள். அந்தக் காயத்தை அறியாமல், "பறை நம் பண்பாடு" என்று நாம் எளிதாகப் பேசிவிடுகிறோம்.

அப்பாவு அப்படிப் பேசவில்லை. இசையோடு 'ஒரே உலை' என்பதையும் சேர்த்தே கற்பித்தார்: அவரவர் அரிசியைக் கொண்டுவந்து, ஒரே உலையில் போட்டுப் பொங்கி, சாதி பாராமல் கூடி உண்பது.