பழங்குழலின் வலிமையும் மெய்ப்பு முத்திரையும்

இங்கிலாந்தில் நூறாண்டைத் தாண்டிய இரட்டைக்குழல் ரவைத் துப்பாக்கிகள் இன்றும் வயல்வெளிகளில் வெடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றை விலைக்கு வாங்க வருவோர் பூட்டுத் தகட்டின் கொடிச் செதுக்கலில் கண்ணைப் பறிகொடுப்பர். அக்ரூட் மரக் கட்டையின் வரிகளைத் தடவிப் பார்ப்பர். துப்பாக்கியின் உண்மை வரலாறு எழுதப்பட்டிருக்கும் இடமோ குழல்களின் அடிப்பக்கம். முன்கட்டையைக் கழற்றிக் குழல்களைத் தனியே எடுத்துக் கவிழ்த்தால், தோட்டா அறைக்குக் கீழே தட்டையாக்கப்பட்ட பகுதியில் சிறு முத்திரைகள் வரிசையாகத் தெரியும். ஒரு முடி, அதன் கீழ் குறுக்கிட்ட இரு செங்கோல்கள், இடுக்குகளில் நுண்ணெழுத்துகள் எனப் பொறித்திருந்தால் அது 1904-க்கு முந்தைய பர்மிங்காம் முத்திரை. அருகே 12 என்றோ 13/1 என்றோ ஓர் எண் இருக்கும்.

இம்முத்திரைகளுக்கு நெடிய மரபு உண்டு. இலண்டன் துப்பாக்கி வினைஞர் குழுமத்துக்கு முதலாம் சார்லசு மன்னர் 1637-இல் பட்டயம் வழங்கினார். பர்மிங்காம் மெய்ப்பு மனை 1813-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் எழுந்தது. அங்கே ஒவ்வொரு குழலிலும் வழக்கத்தைவிட மிகுந்த அழுத்தம் தரும் மருந்தை இட்டு வெடிப்பர். பிளவோ வீக்கமோ இல்லையெனக் கண்ட பின்னரே முத்திரை குத்துவர். 1868-ஆம் ஆண்டின் மெய்ப்புச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும் இன்றும் நடைமுறையில் உள்ளன. மெய்ப்புப் பெறாத துப்பாக்கியையோ, மெய்ப்பு செல்லாமற்போன துப்பாக்கியையோ விற்பதும், பண்டமாற்றுச் செய்வதும், ஏற்றுமதி செய்வதும், அடகு வைப்பதும் குற்றம். வீட்டில் வைத்திருப்பது மட்டும் இச்சட்டத்தின்படி குற்றமன்று. பாட்டன் விட்டுச்சென்ற துப்பாக்கியை விற்க முனையும் நாளில்தான் பல குடும்பங்கள் இந்த விதியை முதன்முறையாக அறிகின்றன.

மெய்ப்பு எப்போது செல்லாமற்போகும்? இங்கேதான் அளவியல் நுழைகிறது. 12 போர் என்பது, ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால் அவற்றுள் ஒன்றின் குறுக்களவு, 0.729 அங்குலம், ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். பழைய முத்திரையில் 13/1 என்றிருந்தால் மெய்ப்பு நாளில் உள்விட்டம் 0.719 அங்குலம் என்று பொருள். குழலின் அடியிலிருந்து 9 அங்குலத் தொலைவில் இன்று அளக்கும்போது அது 0.729-ஐ எட்டிவிட்டால் அக்குழலின் மெய்ப்பு கழிந்தது. ஓர் அங்குலத்தின் நூற்றில் ஒரு பங்கு, தாளிரண்டின் கனம், சட்டத்துக்கு உட்பட்ட துப்பாக்கியையும் புறம்பான துப்பாக்கியையும் பிரிக்கிறது.

இவ்விதி கூரியது, ஆயினும் அது பார்ப்பது குழலின் உட்புறத்தை மட்டுமே. குழலைத் தாங்குவது சுவரின் தடிப்பு. உள்ளே அரிப்புக் குழிகளைத் தேய்த்து அகற்றுந்தோறும் சுவர் மெலிகிறது. வெளியே பள்ளங்களைத் தட்டி நிமிர்த்தி, அரம் போட்டு, மீண்டும் பழுப்பு நிறமேற்றுந்தோறும் மெலிகிறது. வெளிப்புறத் தேய்மானத்தை உள்விட்ட அளவுகோல் காணாது. மெல்லிய சுவருள்ள குழலில் உலோகம் தாங்கும் சுற்றிழுவிசை, உள்ளழுத்தத்தை ஆரத்தால் பெருக்கித் தடிப்பால் வகுத்தால் கிடைக்கும். ஆரம் 9.25 மில்லிமீட்டர். தடிப்பு முக்கால் மில்லிமீட்டர் எனில் உலோகம் அழுத்தத்தைப்போல் 12 மடங்கு இழுவிசையைத் தாங்குகிறது. அரை மில்லிமீட்டராகக் குறைந்தால் 18 மடங்குக்கு மேல். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்குக்குக் கீழே மெலிந்த குழலை நல்ல வினைஞர் எவரும் மனமொப்பிக் கையில் கொடுப்பதில்லை. சட்டம் அந்த எல்லையை எழுதி வைக்கவில்லை. ஆகவே பழந்துப்பாக்கி வாங்குவோர் முதற்பணத்தைச் செலவிட வேண்டியது சுவர்த்தடிப்பை அளப்பதற்கே என்பது என் உறுதியான கருத்து. மற்றெல்லாப் பழுதுகளும் அதற்குப் பின்னரே.

டமாஸ்கசுக் குழல்களைப் பற்றி அச்சமும் புகழ்ச்சியும் அளவுக்கு மீறி உலவுகின்றன. இரும்பும் எஃகுமான கம்பிகளை முறுக்கி, பட்டையாக அடித்து, உருளையொன்றின் மீது சுருளாகச் சுற்றி, உலையில் காய்ச்சி ஒட்டியவை அவை. அலையலையாகத் தெரியும் வரிகள் அந்த ஒட்டுகளின் தடங்கள். நன்கு செய்த குழல்கள் பல இன்றைய புகையில்லா மருந்துக்கான மெய்ப்பையும் கடந்துள்ளன. ஆனால் ஒட்டிய வரியில் கசடு சிக்கியிருந்தால், ஈரமும் கருமருந்தின் எச்சமும் அவ்வரி வழியே உள்ளே இறங்கி, புறக்கண்ணுக்குப் புலப்படாமல் அரிக்கும். வெளியழகு அங்கே சான்றாகாது. அளவையும் மெய்ப்புமே சான்று.

மருந்தின் இயல்பையும் சற்று ஆழ்ந்து காண வேண்டும். வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றையும் ஏறக்குறைய 75, 15, 10 என்னும் பங்கில் கலந்தது கருமருந்து. அது எரியும் விரைவு சுற்றியுள்ள அழுத்தத்தைப் பொறுத்துச் சிறிதளவே மாறும். செல்லுலோசை நைட்ரிக அமிலத்தால் மாற்றிச் செய்த புகையில்லா மருந்து அவ்வாறன்று. அழுத்தம் ஏற ஏற எரிதல் விரைகிறது. எரிதல் விரைய அழுத்தம் மேலும் ஏறுகிறது. ஒன்றை மற்றொன்று தூண்டும் இவ்வியல்பினால், எரியூட்டியின் வீரியம், தக்கையின் இறுக்கம், தோட்டா வாயின் மடிப்பு ஆகியவற்றில் நேரும் சிறு மாற்றமும் பெருவிளைவாகிறது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இருவகைப் புகையில்லா மருந்துகள் விற்பனையில் இருந்தன. ஒன்று கருமருந்தைப் போலவே கொள்ளளவால் அளக்கத்தக்கது. மற்றொன்று அடர்ந்தது, எடையால் மட்டுமே அளக்க வேண்டியது. அடர்ந்த மருந்தைப் பழைய படிக்குவளையால் முகந்தவர்களின் குழல்கள் பிளந்தன. கருமருந்துக்கு மட்டும் மெய்ப்புப் பெற்ற குழலில் புகையில்லா மருந்தை இடக்கூடாது என்ற விதி அத்தகைய பிளவுகளின் பாடம்.

அறையின் நீளமும் இதே இயற்பியலைச் சார்ந்தது. பழைய 12 போர்களில் மிகப்பல 65 மில்லிமீட்டர் அறையுடையவை. இன்றைய தோட்டா பெரும்பாலும் 70 மில்லிமீட்டர். சுடுமுன் வாய் மடிந்திருப்பதால் நீண்ட தோட்டா குறுகிய அறைக்குள் தடையின்றி நுழைந்துவிடும். வெடிக்கும்போது மடிப்பு விரிந்து, அறைக்கு முன்னுள்ள கூம்புப் பகுதியை நெருக்கும். ரவையும் தக்கையும் அந்த இடுக்கின் வழியே வெளியேற வேண்டும், அழுத்தம் ஏறுகிறது. உள்ளே பொருந்திவிட்டது என்பதால் அத்தோட்டா ஏற்றது ஆகிவிடாது. பெட்டி மேல் அச்சிட்ட நீளத்தையும் குழலடியில் பொறித்த நீளத்தையும் ஒப்பிட ஒரு நிமிடம் போதும். துப்பாக்கி மெய்ப்புக்கான பன்னாட்டு ஆணையத்தின் நெறிப்படி பொதுவகை 12 போர் தோட்டாவின் உச்ச அழுத்தம் 740 பார். மெய்ப்புத் தோட்டா தருவது 930 பார். இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள இடைவெளிதான் துப்பாக்கியாளரின் பாதுகாப்பு வேலி.

வீட்டில் தோட்டா நிரப்புவோர் இவ்வேலிக்குள் நிற்க வேண்டுமானால், ஆய்வகத்தில் அழுத்தம் அளந்து வெளியிட்ட பட்டியலை எழுத்துப் பிசகாமல் பின்பற்ற வேண்டும். ஓர் உறுப்பு கிடைக்கவில்லை என்று மற்றொன்றைப் புகுத்தினால் அப்பட்டியல் செல்லாது. ஐயமிருப்பின் நிரப்பிய தோட்டாக்களைப் பர்மிங்காம் மெய்ப்பு மனைக்கு அனுப்பி அழுத்தம் அளந்துகொள்ளலாம். சட்டமும் இங்கே உடன்வருகிறது. 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி எரியூட்டி வாங்க உரிமச் சான்றைக் காட்ட வேண்டும். கருமருந்தை வாங்கவும் வைத்திருக்கவும் வெடிபொருளுக்கான தனிச்சான்று காவல்துறையிடம் பெற வேண்டும். ஐந்துக்குக் குறையாத ரவைகள், ஒவ்வொன்றும் 0.36 அங்குலத்துக்கு மேற்படாதவை என்னும் வரையறையைத் தோட்டா மீறினால் அது வேறு கடுமையான உரிமத்தின் கீழ்ப் போய்விடும்.

துப்பாக்கிக்கான உரிமத்தை 1968-ஆம் ஆண்டின் சட்டம் வகுக்கிறது. குழல் 24 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். வாய் பிளந்த குழலை அறுத்துச் சீர்செய்ய எண்ணுவோர் இவ்வெல்லையை மறக்கலாகாது. இங்கிலாந்திலும் வேல்சிலும் ஸ்காட்லாந்திலும் 2025 முதல் புதிய சான்றுக்கு 194 பவுண்டு, புதுப்பிக்க 126 பவுண்டு, ஐந்தாண்டு செல்லும். பழம்பொருளாகக் காட்சிக்கு வைப்பதற்கு விலக்கு உண்டு. 2021-ஆம் ஆண்டின் விதிகள் 1939 செப்டம்பர் 1-க்கு முன் செய்யப்பட்டவற்றுள் வழக்கொழிந்த தோட்டாக்களுக்குரியவற்றைப் பட்டியலிட்டுள்ளன. 32, 24, 14, 8, 4 போர்கள் அதில் அடங்கும். 12 போர் அடங்காது. 1880-இல் செய்ததாயினும் சான்று வேண்டும். விலக்குப் பெற்றதையும் சுடும் நோக்கத்தோடு வைத்திருந்தால் விலக்கு நீங்கிவிடும்.

பழுதுச் செலவில் கணக்குப் பார்ப்பது கடினமான பகுதி. 1875-இல் ஆன்சனும் டீலியும் காப்புரிமை பெற்ற பெட்டிப்பூட்டு முறையில் பர்மிங்காமில் செய்த எளிய துப்பாக்கிகள் இன்று ஏலத்தில் சில நூறு பவுண்டுக்குப் போகின்றன. குழல் கீல் முளையில் ஆடத் தொடங்கினால் கொக்கியில் உலோகம் சேர்த்து மறுபடி பொருத்த வேண்டும். எண்ணெய் ஊறிய கட்டையின் கழுத்துப் பிளவைச் சேர்த்து ஒட்ட வேண்டும். இவை தாங்கக்கூடியவை. சுவர் மெலிந்துபோனால் இரண்டு வழிகளே உண்டு. அடிப்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு முன்குழல்களை அறுத்தெடுத்துப் புதிய எஃகுக் குழல்களைச் செருகுவது ஒன்று. அப்படிச் செய்தால் மறுமெய்ப்புப் பெற்று, புதுக்குழல் செருகியது என்ற சொல்லைக் குழலில் பொறிக்க வேண்டும். மெல்லிய எஃகு உட்குழலைப் பொருத்துவது மற்றொன்று. இரண்டிலும் செலவு எளிய துப்பாக்கியின் விலையை எளிதில் விஞ்சிவிடும். மறுமெய்ப்பில் குழல் வீங்கினால் இழப்பு உரிமையாளருடையது. புகழ்பெற்ற இலண்டன் வினைஞரின் பக்கப்பூட்டுத் துப்பாக்கிக்கே இச்செலவு தகும். எளியதைத் தக்கவைக்க ஆசைப்படுவோர் அதைச் சுடாமல் வைத்திருப்பதே அறிவுடைமை.

இனி ஈயத்தின் காலமும் முடிகிறது. பிரித்தானிய அரசு 2025-இல் ஈய ரவைக்குத் தடை அறிவித்து மூன்றாண்டு இடைக்காலம் தந்தது. ஈயத்தின் அடர்த்தி 11.3, எஃகினுடையது 7.8. அதே எடைக்கு எஃகு கூடுதல் இடம் கொள்ளும். வளையாத கடினத்தால் மெல்லிய பழங்குழலின் வாய்நெருக்கத்தில் வடு ஏற்படுத்தும். பிசுமத்து 9.8 அடர்த்தியும் ஈயத்தை ஒத்த மென்மையும் உடையது, விலைதான் பன்மடங்கு. 65 மில்லிமீட்டர் அறைக்கென்றே நிரப்பிய பிசுமத்துத் தோட்டாக்கள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன.