குறையைச் சொல்லுவோம்



பால்மரம் வெட்டும் கத்தியைச் செய்பவர் பட்டறையில் இருக்கிறார். அதன் பிடி கையை உறுத்துகிறதா என்பதை விடியற்காலையில் மரத்துக்கு மரம் நடப்பவரே அறிவார். கைப்பேசிச் செயலிகளுக்கும் இது பொருந்தும்.

செயலி என்பது ஒரு மென்பொருள். கருவி என்ன செய்ய வேண்டும் என்று மனிதர் எழுதிவைத்த கட்டளைகளின் தொகுப்பு. மனிதர் எழுதுவதால் பிழை நேர்வது இயல்பே. எழுதியவர் அதைச் சோதித்துத்தான் தருகிறார். ஆனால், அவர் சோதிக்கும் நகரத்தில் இணையத் தொடர்பு வலுவாக இருக்கும். குளுவாங் வட்டாரச் செம்பனைத் தோட்டத்தில் ஒரு தாய் உதவித்தொகைப் படிவத்தை நிரப்பும்போது தொடர்பு அறுந்து, எழுதியதெல்லாம் அழிந்து போகலாம். கண் மங்கிய பாட்டி எழுத்தைப் பெரிதாக்கினால், 'அனுப்பு' என்னும் பொத்தான் திரைக்கு வெளியே போய்விடலாம். சொன்னாலொழிய எழுதியவருக்கு இவை தெரியா.

பயன்படுத்துவோர் பலவகையினர் என்பதை உணர்த்தும் மென்பொருள் நம் நாட்டிலேயே உண்டு. முரசு அஞ்சல் மென்பொருளை 1985-ஆம் ஆண்டில் உருவாக்கத் தொடங்கிய முத்து நெடுமாறன், 2005-இல் கைப்பேசிக்கான செல்லினத்தைத் தந்தார். பின்னர் திறன்பேசிகளுக்கு வந்த செல்லினத்தில் இருவகை விசைமுறைகள் இடம்பெற்றன. ஆங்கில எழுத்துகளை ஒலிப்படி தட்டித் தமிழ் எழுதுவோருக்கு அஞ்சல் முறை. தமிழ் எழுத்து விசைகளையே விரும்புவோருக்கு, 1999-இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற தமிழ்99 முறை. ஒருவருக்கு எளிதானது மற்றவருக்கும் எளிதாக இருக்கும் என்று கொள்ள முடியாது.

குறையை எப்படிச் சொல்வது? "வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொன்னால் பயனில்லை. எழுதியவர் அதே பிழையைத் தம் கருவியில் மீண்டும் வரவழைத்துப் பார்த்தால்தான் திருத்துவது எளிது. ஆகவே, நான்கு செய்திகளைச் சொல்ல வேண்டும்: கைப்பேசி என்ன வகை? நாம் என்ன செய்தோம்? என்ன நடக்குமென எதிர்பார்த்தோம்? என்ன நடந்தது? திரையின் படத்தையும் சேர்த்து அனுப்பலாம். அதில் அடையாள அட்டை எண் இருந்தால் மறைத்துவிடுங்கள். கடவுச்சொல்லை எவருக்கும் தரவேண்டாம். செயலியிலுள்ள உதவிப் பகுதியில் இவற்றைத் தெரிவிக்கலாம். எழுத இயலாத பெரியவர்களுக்காகப் பிள்ளைகள் எழுதலாம்.

"நமக்குப் படிப்பில்லை, அதனால்தான் வரவில்லை" என்று நம்மில் பலர் வெட்கப்பட்டுக் கைப்பேசியைக் கீழே வைத்துவிடுகிறோம். குறை கருவியிலும் இருக்கலாம் அல்லவா? இன்று நாம் சொல்லும் ஒரு குறை, நாளை மற்றொரு தோட்டத்துத் தாயின் படிவம் அழியாமல் காக்கக்கூடும்.