பூட்டிய திரைக்குப் பின்னால்

எங்கள் கல்லூரி ஆய்வகத்தின் லினக்ஸ் கணினிகளைப் பராமரிப்பது என் வேலை. காலையில் ஒரு மாணவி உட்காரும் கணினியில் மாலையில் ஓர் ஆசிரியர் உட்காருவார். அதனால் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் நான் சொல்லிக்கொடுப்பது கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்துவதைத்தான். சன்னல்கள் எல்லாம் மறைந்து, கறுப்புத் திரையில் 'லாகின்' என்று மட்டும் வந்து நிற்கும். இதுதான் இன்னொரு கன்சோல். லினக்ஸில் 63 கன்சோல்கள் வரை இருக்கலாம். பெரும்பாலும் புழங்குவது முதல் ஆறுதான். ஒவ்வொன்றிலும் ஒவ்வொருவர் நுழைந்திருக்க முடியும்.

ஆபத்தும் இதில்தான். ஒருவர் கறுப்புத் திரையில் நுழைந்து வேலை பார்த்துவிட்டு, வண்ணத் திரைக்குத் திரும்பி அதை மட்டும் பூட்டிவிட்டுப் போகிறார் என்று வையுங்கள். அடுத்து வருபவர் அதே விசைகளை அழுத்தினால் போதும். கடவுச்சொல் கேட்காமலே அவருடைய கோப்புகள் திறந்து கிடக்கும். 'எக்ஸிட்' அடித்து வெளியேறினால்தான் அந்தக் கதவு மூடும். எல்லாக் கன்சோல்களையும் ஒருசேரப் பூட்ட 'விலாக்' என்ற நிரலும் உண்டு. அதை '-ஏ' சேர்த்து இயக்கினால் திரை மாற்றமே நின்றுவிடும்.

திரையை மாற்றும் உரிமை யாருக்கு? கணினியின் முன் அமர்ந்திருப்பவருக்கு. வேறு அறையிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக நுழைந்தவர் திரையை மாற்றும் 'சிஎச்விடி' கட்டளையைக் கொடுத்தால், அவருக்கு நிர்வாகி உரிமை இல்லாதபோது லினக்ஸின் மையமான கர்னல் அதை மறுத்துவிடும். மறுக்கத்தான் வேண்டும். நீங்கள் கடவுச்சொல் தட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில், யாரோ எங்கிருந்தோ உங்கள் திரையை மாற்றினால் என்னவாகும்?

திரையோடு மைக்கும் கேமராவும் கைமாறுகின்றன. முன்பெல்லாம் 'ஆடியோ' குழுவில் ஒருவரைச் சேர்த்துவிட்டால், அவர் தொலைவிலிருந்தே மைக்கைத் திறக்கலாம். இன்று சிஸ்டம்டி-லாகின்டி என்ற சேவை, திரையில் இருப்பவருக்கு அந்த அனுமதியைத் தருகிறது; திரை மாறியதும் திரும்பப் பெறுகிறது. ஆனாலும் ஓர் ஓட்டை மிச்சமிருக்கிறது. அனுமதி போகுமுன்பே ஒரு நிரல் கேமராவைத் திறந்து வைத்திருந்தால், அந்தப் பிடி தானாக விடுபடாது. பின்னணியில் அது பார்த்துக்கொண்டே இருக்கலாம். பொதுக் கணினியில், முன்னவர் வெளியேறாமலே அடுத்தவர் நுழைய வழிவிடும் 'பயனரை மாற்று' என்பதை நான் ஊக்குவிக்காததற்கு இதுவே காரணம்.

நிர்வாகிகளுக்கு என் வேண்டுகோள்: மாணவர்களை 'ஆடியோ', 'வீடியோ' குழுக்களில் சேர்க்காதீர்கள், அந்த வேலையை லாகின்டியிடம் விடுங்கள். சும்மா கிடக்கும் கன்சோல் தானே வெளியேறும்படி ஷெல்லில் 'டிஎம்அவுட்' நேரம் வையுங்கள். பயனர்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: எழுந்திருக்கும் முன், நீங்கள் திறந்த ஒவ்வொரு கன்சோலிலிருந்தும் வெளியேறுங்கள். நீங்கள் போன பிறகு உங்கள் பெயரில் நடக்கும் எதையும் கணினி நீங்கள் செய்ததாகவே பதிவு செய்யும்.