டில்லி சாத்திய கதவும் ஜொகூரின் பொன்னி மூட்டையும்

ஜொகூர் பாரு ஜாலான் உங்கு புவான் கடைகளில் பொன்னி அரிசி விலை ஏறினால் பழி முதலில் கடைக்காரர் மேல்தான் விழும். அவர் மொத்த வியாபாரியைக் கைகாட்டுவார். மொத்த வியாபாரி கப்பலைக் கைகாட்டுவார். அந்தக் கப்பலுக்கும் அப்பால், புதுடில்லியில் ஓர் அரசாங்க அறிவிப்பு இருக்கக்கூடும். 2023ஆம் ஆண்டில் அப்படித்தான் இருந்தது.

2012 தொடங்கி உலகிலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்து வரும் நாடு இந்தியா. உலகச் சந்தைக்கு வரும் பத்து மூட்டைகளில் ஏறக்குறைய நான்கு அங்கிருந்து வருபவை. 2022ல் மட்டும் சுமார் 22 மில்லியன் டன் அரிசி 140க்கும் அதிகமான நாடுகளுக்குப் போனது. இத்தனை பெரிய வியாபாரி திடீரென்று கதவைச் சாத்தினால் என்ன ஆகும்?

2023 ஜூலை 20ஆம் தேதி அதுதான் நடந்தது. பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்கு இந்தியா தடை விதித்தது. எல் நினோவால் பருவமழை பொய்க்குமோ என்ற அச்சம் ஒரு பக்கம். உள்நாட்டில் ஏறிக்கொண்டிருந்த அரிசி விலை மறுபக்கம். அடுத்த ஆண்டு பொதுத் தேர்தல் வேறு. 80 கோடி மக்களுக்கு இலவசமாகத் தானியம் கொடுக்கும் அரசாங்கம் முதலில் தன் வீட்டு உலையைத்தான் பார்க்கும். அதைக் குறை சொல்ல முடியாது.

புழுங்கல் அரிசி அந்தத் தடையில் சேரவில்லை. பொன்னி தப்பித்தது என்று பலர் நினைத்தார்கள். ஒரு மாதம்தான். ஆகஸ்ட் 25ஆம் தேதி புழுங்கல் அரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி வந்தது. வாழை இலை உணவகம் நடத்துவோருக்கு இது நேரடி அடி. பாஸ்மதியும் பொன்னியும் கேட்கும் வாடிக்கையாளருக்கு வேறு அரிசியைப் போட்டு அனுப்பிவிட முடியாதே!

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பொன்னிக்கு மலாயா மண்ணின் உறவு இருக்கிறது. இங்குள்ள மாயாங் ஏபோஸ் என்ற நெல்லையும் தைவானின் தைச்சுங் 65ஐயும் கலந்து உருவாக்கிய மசூரி, மலேசியாவில் 1965ல் வெளிவந்தது. அந்த வழியில் தேர்வு செய்த வெள்ளைப் பொன்னியைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986ல் வெளியிட்டது. இங்கிருந்து விதையாகப் போனது, அங்கிருந்து மூட்டையாகத் திரும்பி வருகிறது.

மலேசியாவில் 2023 செப்டம்பர் முதல் தேதி பெர்னாஸ் நிறுவனம் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டாக உயர்த்தியது. 10 கிலோ 26 ரிங்கிட் என்று விலை கட்டிப்போட்ட உள்நாட்டு அரிசியின் பக்கம் எல்லாரும் திரும்பினார்கள். பேரங்காடி அடுக்குகள் காலியாயின. விலை வித்தியாசம் அவ்வளவு பெரிதானால் பதுக்கல் பேச்சும் கலப்படப் பேச்சும் கூடவே வந்துவிடும்.

பிறகு அரசாங்கத்துக்கு அரசாங்கம் பேசித்தான் வழி பிறந்தது. சிங்கப்பூருக்கு 50,000 டன், 2023 அக்டோபரில் மலேசியாவுக்கு 170,000 டன் என்று இந்தியா தனி அனுமதி கொடுத்தது. 2024 ஆகஸ்டில் பிரதமர் அன்வார் இப்ராஹிம் டில்லி சென்றபோது மலேசியாவுக்கு மேலும் 200,000 டன் கிடைத்தது. அரிசி அப்போது கடைச்சரக்காக இல்லை, ராஜதந்திரச் சரக்காகிவிட்டது.

2024 செப்டம்பர் 28ல் வெள்ளை அரிசித் தடை நீங்கியது. அக்டோபர் 22ல் புழுங்கல் அரிசி வரியும் போனது. 2024-25ல் இந்தியாவின் நெல் விளைச்சல் அரிசிக் கணக்கில் சுமார் 150 மில்லியன் டன், ஏற்றுமதி 20 மில்லியன் டன். 2025ல் உலகச் சந்தையில் அரிசி விலை பல ஆண்டுகள் காணாத அளவுக்கு இறங்கியது.

இவ்வளவு நெல் எப்படி விளைகிறது? அரசாங்கம் விலை நிர்ணயித்து வாங்கிக்கொள்வதால்தான். 2025-26 பருவத்தில் சாதாரண நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். வாங்க ஆள் உண்டு என்றால் விவசாயி வேறு பயிருக்கு ஏன் போகப்போகிறார்? ஆனால் பஞ்சாபில் ஒரு கிலோ அரிசிக்கு 3,000 லிட்டருக்கு மேல் தண்ணீர் செலவாகிறது. விவசாயிகளுக்கு இலவச மின்சாரம். நாளெல்லாம் மோட்டார் ஓடும், நிலத்தடி நீர் கீழே போகும். ஜூன் 10க்கு முன் நாற்று நடக்கூடாது என்று 2009லேயே அங்கே சட்டம் போட்டார்கள் என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

மலேசியா தன் தேவையில் ஏறக்குறைய 40 விழுக்காட்டை வெளியிலிருந்து வாங்குகிறது. கெடாவில் நெல் வயல்கள் உண்டு. ஜொகூரிலோ பெரும்பாலும் செம்பனைதான், மூவார், தங்காக் பக்கம் கொஞ்சம் வயல். ஆகவே ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தியாவில் பெய்யும் மழை ஜொகூர் சமையலறைக்கும் சேர்த்துத்தான் பெய்கிறது.

கிடங்குக் கணக்கைப் பார்த்து நிம்மதி அடைவோரும் உண்டு. 2025 ஜூன் தொடக்கத்தில் அங்கே 59.5 மில்லியன் டன் இருப்பு இருந்தது. ஜூலைக்கு வேண்டியதோ 13.5 மில்லியன் டன்தான். ஆனால் 2023 ஜூலையிலும் கிடங்கு காலியாக இல்லை. வேண்டிய அளவைவிட அதிகமாகவே இருந்தது. அப்படியிருந்தும்தான் கதவைச் சாத்தினார்கள்.