ஷின்ஜுகுவின் இரவைப் படம் பிடித்தவர்கள்

1960களின் கடைசியில் டோக்கியோவின் ஷின்ஜுகு பகுதி இரவில் தூங்கியதே இல்லை. ரயில் நிலையத்தைச் சுற்றிலும் மதுக்கடைகள், ஜாஸ் ஒலிக்கும் காப்பிக் கடைகள், முடி வளர்த்த இளைஞர் கூட்டம். அதே தெருக்களில் வியட்நாம் போரை எதிர்த்து மாணவர்கள் திரண்டார்கள்; பின்னாலேயே போலீஸும் வந்தது. இந்தக் கொந்தளிப்புக்குள் கேமராவோடு இறங்கியவர்களில் தோஷியோ மாட்சுமோட்டோவைத்தான் நான் முதலில் வைப்பேன்.

1968இல் அவர் எடுத்த ஒரு குறும்படத்தைத் திரையிட மூன்று 16 எம்.எம். புரொஜெக்டர்கள் வேண்டும். இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓட, மூன்றாவது நடுவில் அவற்றின் மேலேயே விழும். நடனக் கூடமும் மாணவர் போராட்டமும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு ஓடும்போது, எதைப் பார்ப்பது என்று கண் திணறிப்போகும்.

அடுத்த ஆண்டு வந்தது 'ரோஜாக்களின் சவ ஊர்வலம்'. ஈடிபஸ் கதையைத் தலைகீழாக்கி, பெண்ணுடையில் மதுக்கூடத்தில் வேலை செய்யும் எடியின் கதையாக மாற்றியிருந்தார். எடியாக நடித்த பீட்டருக்கு அப்போது பதினாறு, பதினேழு வயது. அதுதான் அவர் நடித்த முதல் படம். குரோசாவாவின் 'ஏழு சாமுராய்கள்' படத்தில் மனைவியைப் பறிகொடுத்த விவசாயியாக வந்த யோஷியோ சுச்சியாதான் மதுக்கூட முதலாளி.

நெருக்கமான ஒரு காதல் காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே கேமரா பின்வாங்குகிறது; விளக்குகளும் படப்பிடிப்புக் குழுவும் தெரிகின்றன. வேறோரிடத்தில் கதையை நிறுத்திவிட்டு, நடிப்பவர்களையே பேட்டி எடுக்கிறார். பெண்ணுடையில் வாழும் இந்த வாழ்க்கை ஏன் என்று கேட்டால், அவர்கள் கூச்சமில்லாமல் பதில் சொல்கிறார்கள். அவர்களைப் பரிதாபத்துக்கோ கேலிக்கோ உரியவர்களாக்காமல், பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறது கேமரா. அந்தக் காலத்தில் எந்த நாட்டுச் சினிமாவிலும் இது அபூர்வம். இந்தப் படத்தை நான் நேசிப்பதற்கு அந்தப் பேட்டிகளே போதும்.

இப்படிப்பட்ட படத்துக்குப் பணம் போட்டது ஆர்ட் தியேட்டர் கில்ட் என்ற நிறுவனம். ஒரு படத்துக்கு ஒரு கோடி யென்; அதில் பாதியை அவர்கள் தர, மீதியை இயக்குநர் தரப்பு புரட்ட வேண்டும். பெரிய ஸ்டுடியோக்கள் அந்தத் தொகைக்குப் படமெடுக்க யோசிக்கக்கூட மாட்டார்கள். ஆனால் இங்கே தலையிட ஆளில்லை. நாகிசா ஒஷிமாவின் 'ஷின்ஜுகு திருடனின் நாட்குறிப்பு'ம் இதே நிறுவனத்தின் வழியாக அதே 1969இல் வந்தது. அதில் புத்தகத் திருடனாக நடித்தவர் ஓவியர் தடனோரி யோகோ. அவர் திருடும் கினோகுனியா புத்தகக் கடையின் முதலாளி, படத்திலும் முதலாளியாகவே வருகிறார்.

எடியாக நடித்த பீட்டர் பிறகு குரோசாவாவிடமே போய்ச் சேர்ந்தார். 1985இல் வந்த 'ரான்' படத்தில் பித்துப்பிடித்த அரசனை விட்டுப் பிரியாத விதூஷகன் அவர்தான்.