வீட்டுத்தோட்டம் தொடங்குவோருக்கு ஏற்ற நூல்கள்

வீட்டுத்தோட்டம் தொடங்க விரும்பும் ஒருவர் நூலொன்றைக் கையிலெடுத்தால், அது எந்த நாட்டு மழையையும் மண்ணையும் கருதி எழுதப்பட்டது என்பதையே முதலிற் பார்த்தல் வேண்டும். விலையும் படங்களும் அதற்குப் பின்னரே. ஆங்கிலத்தில் வெளிவரும் தோட்ட நூல்களிற் பல, வசந்த காலத்தில் விதையிடுமாறு கூறுகின்றன. குளிர் நாடுகளில் உறைபனி நீங்கி நிலம் இளஞ்சூடு பெறும் காலம் அது. கொழும்பிலுள்ள பாமன்கடையில் அத்தகைய காலம் இல்லை. அந்நூல்கள் குறிக்கும் மார்ச், ஏப்ரில் மாதங்களில் இங்கு பிற்பகலில் இடியுடன் மழை பெய்யும்; மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை வந்துவிடும். அவ்வேளையில் திறந்த பாத்தியில் தூவிய மிளகாய், கத்தரி விதைகள் ஒரு பெருமழையில் அள்ளுண்டு போகும். முளைத்தவையும் நாற்றழுகல் நோயினாற் சாயும்.

இவ்விழப்பு சிறிதன்று. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டதும், 2022 இல் உணவும் எரிபொருளும் அருகியதும் யாவரும் அறிந்தவை. 2022 ஜூன் மாதத்தில், அரசாங்க ஊழியர் வீட்டில் உணவுப்பயிர் செய்யும் பொருட்டு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்கவும் தீர்மானிக்கப்பட்டது. இத்தகைய காலத்தில் தோட்டம் தொடங்கும் குடும்பத்துக்கு முதல் விதைப்புத் தவறினால், விதைக்கிட்ட பணத்தோடு ஊக்கமும் போய்விடும்.

வயலிலும் தோட்டத்திலும் பழகிய கமக்காரருக்கு நூல் எதற்கு என்று சிலர் கேட்பர். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் கிணற்று நீர் இறைத்து மிளகாயும் வெங்காயமும் விளைவித்த ஒருவர், பிள்ளைகளுடன் வாழப் பாமன்கடைக்கு வந்தால், பழைய வழக்கப்படி வரம்பு கட்டி நீர் நிற்கும் பாத்தியே அமைப்பார். அங்கே நீரைப் பிடித்து வைப்பது வேலை. இங்கே அதனை வெளியேற்றுவது வேலை. கால்வாயை அண்டிய தாழ்ந்த வளவுகளில் 6 முதல் 9 அங்குலம் வரை உயர்த்திய மேட்டுப்பாத்தி இல்லாவிடில் வேர் அழுகும். கடற்பக்கத்து மணல் வளவுகளில் நிலைமை வேறு. அங்கு நீர் தேங்காது. ஆனால் இட்ட பசளையும் மழையோடு கீழிறங்கிவிடும். ஆகவே கூட்டெருவைச் சிறிது சிறிதாகப் பலமுறை இடுதல் நன்று. தமிழ்நாட்டில் அச்சான நூல்களைப் படிக்கும்போதும் எச்சரிக்கை தேவை. அவை கூறும் ஆடிப்பட்டம் அந்நாட்டு மழைக்குரியது, கொழும்பின் மழைக்குரியதன்று.

இந்நாட்டு நிலைமைகளை நேரிற் கண்டு எழுதப்பட்ட நூல்களுள் முதலில் வைக்கத்தக்கது, பேராதனைத் தாவரவியற் பூங்காவிற் பணியாற்றிய எச். எவ். மக்மிலன் என்பவரின் நூலாகும். இது 1910 இல் முதன்முதல் வெளிவந்தது. விரிவாக்கப்பட்ட நான்காம் பதிப்பு 1935 இல் வெளிவந்தது. ஆங்கில நூலாயினும் பல தாவரங்களின் தமிழ்ப் பெயர்களையும் சிங்களப் பெயர்களையும் தருவதால், ஆங்கிலம் ஓரளவே அறிந்தவரும் தேடியெடுக்கலாம். பெரிய நூல், முழுவதும் படிக்க வேண்டியதில்லை. மரக்கறி, பழமரம் பற்றிய பகுதிகளே வீட்டுத்தோட்டத்துக்குப் போதும். ஆனால் பூச்சிகொல்லிகளைப் பொறுத்தவரை இத்தகைய பழைய நூல்களைப் பின்பற்றலாகாது. ஈய ஆர்சனேற்றும், பின்வந்த டி.டி.ரி.யும் அக்காலத்தில் தாராளமாகப் பயன்பட்டவை. உண்ணும் பயிருக்கு அவை ஒருபோதும் ஆகா.

சிறு முற்றம் மட்டுமே உள்ளவருக்கு, அமெரிக்கரான மெல் பார்தொலொமியு 1981 இல் வெளியிட்ட சதுர அடித் தோட்ட நூல் உதவும். 4 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ள பாத்தியை 16 கட்டங்களாகப் பிரித்து, பயிரின் பருமனுக்கேற்ப ஒவ்வொரு கட்டத்திலும் 1, 4, 9 அல்லது 16 செடிகள் நடுவது அவர் முறை. இக்கணக்கு பாமன்கடைக்கும் பொருந்தும். உறைபனியைக் கொண்டு நாள் குறிக்கும் பக்கங்களைப் புரட்டிவிடலாம். குளிர் நாட்டு நூல்கள் கூறும் கோவா, கரற், பீற்றூட் ஆகியவற்றை நுவரெலியாப் பக்கத்துக்கு விட்டுவிட்டு, வெண்டி, பயற்றை, கத்தரி, சிறகவரை, பசளி, கங்குங், வல்லாரை ஆகியவற்றை இங்கு நடுக. தக்காளி நட ஆசைப்படுவோர் பற்றீரியா வாடலுக்கு ஆயத்தமாயிருத்தல் வேண்டும். சாடியிற் புதுமண் இட்டு நடுவது ஓரளவு காப்பாகும்.

நெற்செய்கையாளர் விரும்பிப் படிக்கக்கூடிய இன்னொரு நூல், யப்பானியரான மசனோபு புகுவோகா 1975 இல் எழுதியது. ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’ என்னும் பெயரில் இது தமிழிலும் உண்டு. உழாமலும் இரசாயனம் இடாமலும் நெல்லும் வாற்கோதுமையும் விளைவித்தவரின் சிந்தனை அது. வைக்கோலை எரிக்காமல் நிலத்துக்கே திருப்பும் வழக்கத்தை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். மண்ணை மூடிய வைக்கோல் மழைத்துளியின் வேகத்தைத் தடுக்கும். முதற் பாத்தியை எங்கே, எப்போது அமைப்பது என்று அறிய விரும்புவோருக்கு அந்நூல் போதாது.

பாமன்கடையில் தொடங்குவோர், மழை குறைந்த ஜனவரி, பெப்ருவரி மாதங்களில் மண்ணைத் திருத்தி, கூட்டெருவை ஆயத்தம் செய்க. மார்ச் மாதத்தில் மிளகாய், கத்தரி விதைகளைத் தட்டுகளில் இட்டுத் தாழ்வாரத்தின் கீழ் வைத்து, 4 அல்லது 5 வாரம் வளர்ந்த நாற்றுகளை மேட்டுப்பாத்தியில் நடுக. பயிர் வாரியான துண்டுப்பிரசுரங்களை விவசாயத் திணைக்களத்திற் பெறலாம். நூலிற் கண்டதும் பாத்தியிற் காண்பதும் ஒவ்வாதவிடத்து, 1920 என்னும் இலக்கத்துக்கு அழைத்துப் பயிரின் பெயரையும் நட்ட நாளையும் கூறி ஆலோசனை கேட்கலாம்.