ஒரு நாள் மாலுமி



நம் குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகள் இன்று அமெரிக்காவில் தொழில் புரிகின்றனர். கோடை விடுமுறையில் வாப்பாவும் உம்மாவும் அங்கே சென்று சில திங்கள் தங்கி வருகின்றனர். நயாகரா அருவியைப் பார்த்தாயிற்று, அடுத்து எங்கே என்ற பேச்சு எழும்போது, "ஏரிக்குப் போய் ஒரு நாள் மீன் பிடிப்போமே!" என்று பேரப்பிள்ளை ஆசையோடு கேட்பான். கேட்பது எளிது. ஆயின், அந்த ஏரி எத்தகையது, எவரை நம்பிக் குடும்பத்தோடு படகேறுவது, எதைக் கேட்டுக் கூலி பேசுவது என்பவற்றை அறியாமல் புறப்பட்டால் பணம் வீணாகலாம். சில வேளைகளில் உயிருக்கே ஊறு நேரலாம்.

ஒரு நாளைக்கு மீன்பிடி வழிகாட்டியை அமர்த்துவது அந்நாட்டில் பரவலான வழக்கம். அதனை, நயாகராவுக்கு நீர் வழங்கும் ஈரி ஏரியையே எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டுக் காண்போம்.

பெயரால் ஏரி, பார்வைக்குக் கடல்

ஏரி என்றதும் நம் ஊர்க் கண்மாயும் மதகும் கண்முன் தோன்றும். ஈரி ஏரி அத்தகையதன்று. அதன் நீளம் ஏறத்தாழ 390 கிலோமீட்டர். அகலம் மிகுந்த இடத்தில் 90 கிலோமீட்டருக்கு மேல். பரப்போ தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு! ஒரு கரையில் அமெரிக்காவின் மிச்சிகன், ஓஹையோ, பென்சில்வேனியா, நியூயார்க் மாநிலங்கள். மறு கரையில் கனடா.

இதன் மேற்குக் கோடியில் டொலிடோ நகரம் உள்ளது. அதனை அடுத்த பெரிஸ்பர்க்கில், நெடுஞ்சாலையில் செல்வோர் கண்ணில் படும் வண்ணம் 1983-இல் திறக்கப்பட்ட பள்ளிவாசலை அங்கு வாழும் நம்மவர் நன்கறிவர். அங்கிருந்து கிழக்கே ஏரிக்கரையோரமாகச் சென்றால் போர்ட் கிளின்டன் என்னும் சிற்றூர் வரும். 'வால்ஐ' என்னும் மீனின் தலைநகரம் என்று தன்னைப் பெருமையோடு அழைத்துக்கொள்ளும் ஊர் அது. வழிகாட்டிகளின் படகுகள் மிகுதியாகக் கட்டிக் கிடக்கும் துறைகளுள் அதுவும் ஒன்று.

வால்ஐ மீனின் கண்கள் வெண்மை படர்ந்தாற்போல் ஒளிரும். கண்ணின் உட்புறத்தே ஒளியைத் திருப்பியனுப்பும் ஒரு படலம் இருப்பதே காரணம். அதனால் மங்கிய ஒளியிலும் கலங்கிய நீரிலும் அது இரையைக் காணும். முள் குறைந்த வெண்சதை உடையதாதலால் உண்ணச் சிறந்தது. மீன் என்பதால் அறுப்பு முறை பற்றிய ஐயமும் நமக்கு இல்லை.

எதற்காக ஒரு வழிகாட்டி?

"தூண்டிலும் இரையும் கடையில் கிடைக்கின்றன, வாடகைக்குப் படகும் கிடைக்கிறது, பின் எதற்கு ஒரு வழிகாட்டி?" என வினவலாம்.

மீன் ஏரியெங்கும் பரவிக் கிடப்பதில்லை என்பதே விடை. பனி உருகும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் வால்ஐ மீன்கள் மேற்குப் பகுதியின் பாறைத் திட்டுகளுக்கும், மாமி, சான்டஸ்கி ஆறுகளுக்கும் முட்டையிட வருகின்றன. கோடை முற்ற முற்ற அவற்றுள் பெரியவை குளிர்ந்த ஆழ்நீரை நாடிக் கிழக்கே நகர்கின்றன. இடத்திற்கேற்ப முறையும் வேறுபடும். மேற்கில் படகைக் காற்றின் போக்கில் மிதக்கவிட்டு, மண்புழு கோத்த தூண்டிலை வீசுவர். வேறிடங்களில் படகை மெல்லச் செலுத்தி, இரு புறமும் விலகிச் செல்லும் சிறு பலகைகளின் துணையால் பல தூண்டில்களை ஒரே வேளையில் இழுத்துச் செல்வர். நேற்று மீன் கிடைத்த ஆழத்தில் இன்று கிடைக்காது. இவற்றையெல்லாம் நாள்தோறும் நீரின் மேல் வாழ்பவரே அறிவார்.

நம் கடற்கரையூர்களில் கப்பல் செலுத்துவோரை 'மாலுமி' என்கிறோம். இச்சொல் 'முஅல்லிம்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்ததென அறிஞர் கூறுவர். முஅல்லிம் என்றால் ஆசிரியர்! மதரஸாவில் ஓதிக் கொடுப்பவருக்கும், கடலில் வழி காட்டுபவருக்கும் அரபு மாலுமிகள் ஒரே பெயரை வழங்கினர். எத்துணைப் பொருத்தம்! ஏரியில் நீங்கள் அமர்த்துவது படகை மட்டுமன்று, ஓர் ஆசிரியரை. விலைக்கு வாங்குவது மீனையன்று. ஒருவர் பல்லாண்டு கற்ற அறிவின் ஒரு நாளை. இவ்வுண்மையை உணர்ந்தவருக்கு, எவரைத் தேர்வது, எவ்வாறு பேசுவது, எங்கே பணிவது ஆகிய மூன்றும் விளங்கிவிடும்.

அமர்த்துமுன் கேட்க வேண்டியவை

முதற்கண், உரிமம். கூலிக்கு ஆட்களை ஏற்றிச் செல்பவர் அமெரிக்கக் கடலோரக் காவற்படை வழங்கும் தலைவர் உரிமம் பெற்றிருத்தல் வேண்டும். படகில் 360 நாள் பணியாற்றிய பட்டறிவு, தேர்வு, உடற்தகுதி, முதலுதவிப் பயிற்சி ஆகியவை இருந்தாலன்றி அது கிட்டாது. இவ்வகை உரிமங்களுள் பெரிதும் வழங்குவதில், கூலி கொடுக்கும் பயணிகளாக ஆறு பேரை மட்டுமே ஏற்றலாம். ஓஹையோவில் இதற்குமேல் மாநில அரசின் மீன்பிடி வழிகாட்டி உரிமமும் தேவை. "உரிமத்தைக் காட்டுங்கள்" எனக் கேட்பது மரியாதைக் குறைவாகாது. நேர்மையான தலைவர் மகிழ்ந்து காட்டுவார். எண்மர் உள்ள குடும்பத்தை, "பரவாயில்லை, ஏறுங்கள்" என்று ஆறு பேர் உரிமத்தில் ஏற்ற முன்வருபவரை அப்போதே விட்டுவிடுங்கள். இன்று உங்களுக்காகச் சட்டத்தை மீறுபவர், நாளை காற்று மாறும்போது எச்சரிக்கையை மதிப்பார் என்பதற்கு என்ன உறுதி?

அடுத்து, ஒப்பந்தம். வேலை, காலம், கூலி மூன்றும் ஐயத்திற்கிடமின்றித் தெளிவாக இருத்தல் வேண்டும் என 'இஜாரா' எனும் கூலி ஒப்பந்தம் பற்றி நாம் ஓதியிருக்கிறோம். அதனை இங்கே செயற்படுத்துங்கள். புறப்படும் நேரமும் திரும்பும் நேரமும் யாவை? தூண்டில், நூல், இரை, பனிக்கட்டி ஆகியவை கூலியில் அடங்குமா? எரிபொருளுக்குத் தனிப் பணமா? முன்பணம் எவ்வளவு? தலைவரே காற்றுக்கு அஞ்சிப் பயணத்தை நிறுத்தினால் முன்பணம் திரும்புமா, வேறு நாள் தரப்படுமா? நீங்களாக நிறுத்தினால் என்ன? இவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, அனுமதிச் சீட்டு. படகுத் தலைவரின் உரிமம் உங்களுக்கு உதவாது. ஓஹையோவில் 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர் ஒவ்வொருவரும் தமக்கெனத் தனி மீன்பிடிச் சீட்டு வாங்க வேண்டும். ஒரு நாளுக்குரிய சீட்டும் கிடைக்கிறது. வெளி மாநிலத்தார்க்கும் வெளிநாட்டார்க்கும் சில மாதங்களில் கூடுதல் சீட்டு தேவைப்படுவதால், செல்லும் மாதத்தைச் சொல்லித் தலைவரிடமே கேட்டறிவது நன்று.

நான்காவது, குடும்பத்தின் தேவைகள். தலைக்கு இவ்வளவு என்று பலரையும் சேர்த்து ஏற்றும் பொதுப் படகுகளும் உண்டு, செலவு குறைவு. ஆனால் அவற்றில் உடன் வருவோர் மது அருந்தக்கூடும். தனிப் படகை அமர்த்தினால் அச்சங்கடமில்லை. கழிப்பறை உண்டா, நிழல் உண்டா, லுஹர் தொழுகைக்குச் சற்று நேரம் படகை அமைதியாக நிறுத்துவாரா என்பவற்றை முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம். உணவை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் உடலளவுக்குப் பொருந்தும் உயிர்காப்புச் சட்டை இருக்கிறதா என்று கரையிலேயே அணிவித்துப் பாருங்கள். நீரில் இறங்கிய பின் தேடுவது அறிவுடைமையாகாது.

"இன்று வேண்டாம்" என்றால்...

வழிகாட்டியின் அறிவில் விலைமதிப்பற்றது மீனிருக்குமிடம் பற்றியதன்று. போகக் கூடாத நாள் பற்றியதே!

ஐம்பேரேரிகளுள் ஈரியே ஆழம் குறைந்தது. சராசரி ஆழம் 19 மீட்டர்தான். மேற்குப் பகுதியிலோ ஏழு மீட்டர் அளவே. ஆழம் குறைவு என்றால் ஆபத்தும் குறைவு என எண்ணுவது பெரும் பிழை. ஆழமற்ற நீரில் காற்றடித்தால் அலைகள் விரைவில் எழும். செங்குத்தாக, ஒன்றையொன்று நெருங்கி வரும். வடகிழக்குக் காற்றாயின் ஏரியின் நீளம் முழுவதும் நீரைத் தள்ளிக்கொண்டு வந்து மேற்குக் கரையில் மோதும். மார்பிள்ஹெட் முனையில் 1822-ஆம் ஆண்டு முதல் ஒரு கலங்கரை விளக்கம் எரிந்துகொண்டிருப்பது காரணமின்றியா?

குளிர்காலத்திலும் இப்பாடம் பொருந்தும். அப்போது ஏரி உறைய, பனிக்கட்டியின் மேல் நடந்து சென்று துளையிட்டு மீன் பிடிப்பர். 2009 பிப்ரவரி 7 அன்று காற்றின் வேகத்தால் பெரும் பனிக்கட்டிப் பரப்பு கரையிலிருந்து பிளந்து விலகியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் அதன்மேல் சிக்கினர். ஹெலிகாப்டர்களும் படகுகளும் சென்று மீட்டன. ஒருவர் உயிரிழந்தார். அன்று காலையில் காலடியில் இருந்த பனிக்கட்டி உறுதியாகத்தான் தோன்றியிருக்கும்!

ஆகவே, விடியற்காலையில் நீங்கள் ஆவலோடு துறைக்கு வந்து நிற்கையில், தலைவர் வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டு, "இன்று வேண்டாம்" என்றால் வாதிடாதீர்கள். "விமானச் சீட்டு நாளைக்கு, இன்று விட்டால் வாய்ப்பில்லை, கூடுதல் பணம் தருகிறோம்" என வற்புறுத்தாதீர்கள். பயணம் நின்றால் அன்றைய வருவாய் அவருக்கும் இழப்பு. இழப்பை ஏற்றுக்கொண்டு வேண்டாம் என்பவரே உங்கள் பிள்ளைகளின் மீது உண்மையான அக்கறை கொண்டவர்.

அளவுக்குள் ஓர் அருள்

அண்மை ஆண்டுகளில் ஓஹையோ எல்லைக்குள் ஒருவர் ஒரு நாளில் ஆறு வால்ஐ மீன்களே கொள்ளலாம். 15 அங்குலத்திற்குக் குறைந்ததை நீரிலேயே விட்டுவிட வேண்டும். "இவ்வளவு பெரிய ஏரியில் இன்னும் இரண்டு பிடித்தால் என்ன?" என்று தோன்றும். அந்த ஏரியின் கதையை அறிந்தால் அவ்வாறு கேட்க மனம் வராது.

1960-களில் ஈரி ஏரி செத்துவிட்டது என்று நாளிதழ்கள் எழுதின. ஆலைக் கழிவும் நகரச் சாக்கடையும் அதில் கலந்தன. அதில் சேரும் குயஹோகா ஆற்றின் மேல் மிதந்த எண்ணெய்க் கழிவு 1969 ஜூனில் தீப்பற்றி எரிந்தது. 1970-இல் மீன்களில் பாதரசம் கண்டறியப்பட்டு, வால்ஐ மீனை வலைவீசிப் பிடித்து விற்கும் தொழில் நிறுத்தப்பட்டது. 1972-இல் அமெரிக்காவில் தூய நீர்ச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் கனடாவும் அமெரிக்காவும் பேரேரிகளின் நீர்த் தூய்மைக்கு உடன்பாடு செய்துகொண்டன. நீர் தெளிந்தது, மீன் பெருகியது, அதன் பின்னரே வழிகாட்டிப் படகுத் தொழிலும் தழைத்தது. இன்றும் எவ்வளவு மீன் பிடிக்கலாம் என்பதை, 1955-இல் அமைந்த பேரேரிகள் மீன்வள ஆணையத்தின் கீழ் அறிவியலார் ஆண்டுதோறும் கணக்கிட்டு, ஐந்து கரைப்பகுதிகளின் அரசுகளும் கூடி முடிவு செய்கின்றன. ஆறு என்ற அந்த எண்ணுக்குப் பின்னால் இத்தனை பேரின் உழைப்பு இருக்கின்றது!

நோய் முற்றும் தீர்ந்துவிடவில்லை. வயல்களின் உரம் மழைநீரோடு ஏரியில் கலப்பதால் கோடையிறுதியில் நச்சுப் பாசி படர்கின்றது. 2014 ஆகஸ்டில் டொலிடோ மக்கள் சில நாட்கள் குழாய் நீரைப் பருகக் கூடாதெனத் தடுக்கப்பட்டனர். எனவே பாசி படர்ந்த நீரில் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். ஏரி மீனை எவ்வளவு உண்ணலாம் என்பது குறித்து மாநில அரசு வெளியிடும் அறிவுரையை, குறிப்பாகக் கர்ப்பிணிகளும் சிறுவரும் உள்ள வீட்டார், படித்துக்கொள்வது நலம்.

பேராசை எங்கே கொண்டு சேர்க்கும் என்பதற்கும் இவ்வேரியே சான்று. 2022 செப்டம்பர் இறுதியில் கிளீவ்லாந்தில் நடந்த வால்ஐ மீன்பிடிப் போட்டியில் முதலிடம் பெறவிருந்த இருவரின் மீன்கள், அளவுக்கு ஒவ்வாத எடை காட்டின. மீனின் வயிற்றைக் கிழித்தால் உள்ளே ஈயக் குண்டுகள்! 28,000 டாலருக்கு மேற்பட்ட பரிசுக்காக நிறையில் மோசடி செய்த அவ்விருவரும் மறு ஆண்டு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, சிறைத் தண்டனை பெற்றனர், படகையும் இழந்தனர். அளவிலும் நிறுவையிலும் செய்யும் மோசடி பற்றி நமக்கு எவரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் வழிகாட்டி ஒரு மீனை அளந்து பார்த்து, அரை அங்குலம் குறைகிறது என்று நீரில் விட்டால் முகம் சுளிக்காதீர்கள். உங்கள் பேரனைப் பக்கத்தில் அழைத்து அதனைப் பார்க்கச் சொல்லுங்கள். அன்று அவன் கற்கும் பாடங்களுள் அதுவே பெரிது.

கூலி உழைப்புக்கு

மாலையில் படகு கரை சேர்கிறது. பெட்டி நிறைந்திருக்கலாம், வெறுமையாகவும் இருக்கலாம். நீங்கள் பேசியது உழைப்புக்கே, மீனுக்கன்று. மீன் கிடைக்கவில்லை என்று கூலியைக் குறைக்க முற்படுவது முறையாகாது. விடியுமுன் எழுந்து படகைச் சீராக்கி, சிக்கலான நூலைப் பலமுறை அவிழ்த்து, பிள்ளைகளின் கைபிடித்துத் தூண்டில் வீசக் கற்றுக்கொடுத்தவருக்கு உரியதை, அவர் கேட்குமுன் கொடுத்துவிடுங்கள். உதவியாள் இருந்தால் அவருக்குக் கூலியில் 15 முதல் 20 விழுக்காடு வரை அன்பளிப்பு வழங்குவது அந்நாட்டு வழக்கம். அதனையும் செலவுக் கணக்கில் முன்பே சேர்த்துக்கொள்ளுங்கள். மீனை ஆய்ந்து தருமிடங்கள் துறையருகே உண்டு; அதற்குக் கட்டணம் தனி.

வாசக நேயர்களே! கல்வியைத் தேடிச் செல்பவன் ஆசிரியர் முன் பணிந்து அமர்வான். கற்ற பின் நன்றியோடு எழுவான். ஏரியில் ஒரு நாள் செல்பவரும் அவ்வாறே செல்லட்டும். தகுதியறிந்து தேருங்கள், தெளிவாகப் பேசுங்கள், நீரின் மேல் அவர் சொல்லுக்குப் பணியுங்கள், கரையேறியதும் உரியதைக் கொடுங்கள். மீன் இரண்டு கிடைத்தாலும் பன்னிரண்டு கிடைத்தாலும், போன அனைவரும் நலமாக வீடு திரும்பி ஒரே விரிப்பில் அமர்ந்து உண்பதே அந்நாளின் பேறு. அப்பேற்றினை வல்ல இறைவன் நம் குடும்பங்கள் அனைத்திற்கும் அருள்வானாக!